பத்தொன்பது சதவீதப் பனி

நோர்வே மலைச்சரிவு ஒன்றில் விழும் பனியை, டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்து அலுவலக அறையில் இருந்தபடி கணக்கிடுவதுதான் நிலக்சியின் வேலை. நோர்வேயின் நீர்மின் கம்பனி ஒன்று அந்த வேலையை அவளுடைய குழுவிடம் ஒப்படைத்திருந்தது. மலையில் பனி கூடுதலாக விழுந்தால் வசந்தத்தில் உருகி அணைகளில் நிறையும். அதற்காகக் கம்பனி, மேகம் திரளும் நேரங்களில் மலைச்சரிவில் வைத்த அடுப்புகளில் வெள்ளி அயோடைடை எரித்தது. அந்தப் புகை மேகத்துக்குள் போய்ப் பனியை விழவைக்கும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கை சரியா என்று சொல்வது சுலபமல்ல. புகை போட்ட நாளில் பனி கொட்டினால், போடாவிட்டாலும் அவ்வளவு கொட்டியிருக்குமோ என்ற கேள்வி நிற்கும். அதனால் ஒவ்வொரு மேகத் திரளுக்கும் கணினி ஒரு சீட்டு எடுத்தது. பாதி முறை அடுப்பை மூட்டினார்கள், பாதி முறை மூட்டவில்லை. புகை எட்டாத பக்கத்து மலையில் விழுந்த பனியை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். நான்கு பனிக்காலங்களில் இப்படி நூற்று இருபத்து நான்கு முறை.

நிலக்சிக்கு நாற்பத்து மூன்று வயது. ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹேர்னிங்கில் வளர்ந்தவள். புள்ளிவிபரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவள். மூன்று ஆண்டுகள் அந்த மலையில் விழும் பனியை அளக்கும் பனிமானிகளோடு மல்லுக்கட்டியிருந்தாள். வாய் உறைந்து மூடிக்கொண்ட மானி எது, காற்று அடித்துப் பனியைக் கொண்டுபோன மானி எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசியில் அவளுக்குக் கிடைத்த விடை நான்கு சதவீதம். அதுவும் உறுதியில்லாத நான்கு. உண்மை அளவு பூச்சியமாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். அந்த அறிக்கையை வாசித்த குழுத் தலைவி பேராசிரியை பென்ட, "நேர்மையான வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனாள்.

பிறகு ஜெனுஷா வந்தாள்.

ஜெனுஷா விபோர்க்கில் பிறந்தவள். இருபத்தொன்பது வயது. அவள் வந்த முதல் நாள், குழுவில் இன்னொரு தமிழ்ப் பெண் என்று நிலக்சி சந்தோஷப்பட்டது உண்மை. மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் தமிழில் கதைத்தார்கள். ஜெனுஷாவின் தமிழில் டேனிஷ் வாடை அடித்தாலும், "நிலக்சி அக்கா" என்று அவள் கூப்பிடும்போது கேட்க நன்றாக இருந்தது.

வேலைக்கு வந்த எட்டாவது மாதத்தில் ஜெனுஷா அதே தரவுகளிலிருந்து வேறொரு விடையை எடுத்தாள். காற்று தென்மேற்கிலிருந்து வீசி, மேகத்தின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகையையும் தாண்டி இறங்கிய முறைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், புகை போட்டபோது பத்தொன்பது சதவீதம் கூடுதலாகப் பனி விழுந்திருந்தது. அப்படியான முறைகள் இருபத்தொன்பது.

பென்ட அந்த வரைபடத்தைத் தன் அறைக் கதவில் ஒட்டிவைத்தாள். நிலக்சியின் எந்த வரைபடமும் எந்தக் கதவிலும் ஒட்டப்பட்டதில்லை. நடைபாதையால் போகும்போதெல்லாம் அவளுடைய கண் அதில் விழுந்தது. விழக்கூடாது என்று நினைத்தால் இன்னும் கூட விழுந்தது. அதிலிருந்த ஒவ்வொரு புள்ளியும் அவள் துப்பரவாக்கிக் கொடுத்த புள்ளி. தான் வெறும் தட்டைக் கழுவி வைத்தவள், இவள் பரிமாறிப் பெயர் வாங்கியவள் என்று அவளுக்குத் தோன்றியது.

வானொலியில் ஜெனுஷாவை ஐந்து நிமிடம் பேசவைத்தார்கள். அன்று பின்னேரம் ஹேர்னிங்கிலிருந்து அம்மா ராசமலர் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, விபோர்க் பெட்டை ஒண்டு ரேடியோவில கதைச்சவவாம். மழையைக் கூட்டிற மெஷின் கண்டுபிடிச்சிருக்கிறாவாம். உன்ரை ஒபிசிலதானாம் வேலை செய்யிறா?"

"மழை இல்லையம்மா, பனி. மெஷினும் இல்லை."

"என்னவோ. கோயில்ல எல்லாரும் அந்தக் கதைதான். ஞானேஸ்வரி கேட்டவ, உங்கடை மகளும் அங்கைதானே, அவ என்ன செய்யிறா எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? நீ எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லையே. கொம்பியூட்டரில கணக்குப் பாக்கிறா எண்டு சொன்னனான்."

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் நிலக்சி ஜெனுஷாவின் கணிப்புகள் இருந்த பொதுக் கோப்பைத் திறந்தாள். குழுவில் யாரும் யாருடைய வேலையையும் பார்க்கலாம். சக ஆய்வாளர் என்ற முறையில் சரிபார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிழை ஒன்று கிடைக்கவேண்டும் என்ற ஆசையோடுதான் தேடினாள்.

கிடைத்தது. அதற்கு மூன்று நாள் எடுத்தது.

கணிப்பில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஜெனுஷா தென்மேற்குக் காற்றை முன்கூட்டியே நினைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. காற்றின் திசை, குளிர், ஈரப்பதன், பகல், இரவு என்று தரவுகளை முப்பத்தெட்டு விதமாகப் பிரித்துப் பார்த்திருந்தாள். கோப்பில் ஒவ்வொரு முயற்சியும் திகதியோடு இருந்தது. அவற்றில் ஆகப் பெரிய எண் வந்த பிரிவுதான் தென்மேற்கு. முப்பத்தெட்டுத் தடவை வலை வீசினால் ஏதாவது ஒரு தடவை பெரிய மீன் அகப்படத்தான் செய்யும்.

அதை எண்ணால் காட்டவேண்டும் என்று நிலக்சி நினைத்தாள். எந்த முறை புகை போட்டது, எந்த முறை போடவில்லை என்ற சீட்டுகளைக் கணினியில் கலைத்தாள். கலைத்த தரவில் புகைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதிலும் ஜெனுஷாவைப் போலவே முப்பத்தெட்டு விதமாகப் பிரித்து, ஆகப் பெரிய எண்ணை எடுத்தாள். இப்படிப் பத்தாயிரம் தடவை. வியாழக்கிழமை மதியம் விடை வந்தது. நூறு தடவைக்கு முப்பத்தொரு தடவை, புகையே இல்லாத வெறும் தற்செயலிலிருந்து பத்தொன்பது சதவீதமோ அதற்கு மேலோ வந்திருந்தது.

நிலக்சி எழுந்துபோய் யன்னலைத் திறந்தாள். பல மாதங்களாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஒன்று இளகியது போலிருந்தது. தான் சிரித்துக்கொண்டிருப்பதை யன்னல் கண்ணாடியில் கண்டாள்.

அன்று பின்னேரச் சாப்பாட்டின்போது கணவன் சிந்துஜனிடம் முழுவதையும் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவன். வேலை முடிந்து களைத்து வந்திருந்தாலும் கவனமாகக் கேட்டான்.

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டீரோ?"

"செவ்வாய்க்கிழமை சொல்லுவன்."

"செவ்வாய்க்கிழமைதானே கம்பனி ஆக்கள் வாற கூட்டம்?"

"ஓம்."

சிந்துஜன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "வோர்ட்டில ஒரு நேர்ஸ் மருந்தைப் பிழையா எழுதினதை நான் கண்டால், அப்பவே சொல்லோணும். டொக்டர் வரட்டும், அவருக்கு முன்னாலை சொல்லுவம் எண்டு வைச்சிருக்க ஏலாது."

"இதில ஒருத்தரும் சாகப்போறேல்லை."

அவன் எழுந்து தட்டைக் கொண்டுபோனான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெனுஷா இரண்டு பெட்டி சாப்பாட்டோடு நிலக்சியின் அறைக்கு வந்தாள். அவளுடைய அம்மா செய்து அனுப்பிய இறைச்சி ரோல்ஸ். ஒரு பெட்டியை நிலக்சியின் பக்கம் தள்ளிவிட்டுத் தன்னுடையதைத் திறக்காமலே இருந்தாள்.

"அக்கா, நான் ஒண்டு கேக்கலாமோ? எனக்கு செவ்வாய்க்கிழமையை நினைச்சால் பயமா இருக்கு."

"ஏன் பயம்? வடிவாக் கதைப்பீர்."

"கதைக்கிறதுக்கு இல்லை. பத்தொன்பது எண்டிறது கூடிப்போச்சோ எண்டு இருக்கு. பென்டவுக்குச் சொன்னனான், அவ கவலைப்படாதே எண்டு சொல்லுறா. உங்களுக்குத்தான் அந்த டேட்டா முழுக்கத் தெரியும். நீங்கள் ஒருக்கால் பாத்தனீங்களோ?"

நிலக்சியின் கணினியில், இருவருக்கும் இடையில் இரண்டு அடி தூரத்தில், அந்த முப்பத்தொன்று இருந்தது. கோப்பைத் திறந்து திரையைத் திருப்பினால் போதும். வார இறுதி முழுவதும் மிச்சம் இருந்தது. இருவருமாக உட்கார்ந்தால் உரையைத் திருத்திவிடலாம்.

ஜெனுஷாவின் கையில் பென்ட பரிசாகக் கொடுத்த நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் அட்டையில் 'வாழ்த்துகள்' என்று பென்டவின் கையெழுத்தில் டேனிஷில் எழுதியிருந்தது.

"பாத்தனான்," என்றாள் நிலக்சி. "நல்லாத்தானே இருக்கு."

ஜெனுஷாவின் தோள்கள் தளர்ந்தன. "அப்பாடா. நீங்கள் சொன்னால் சரி," என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள். நிலக்சியும் ஒரு ரோலைக் கடித்தாள். அதைத் தேநீரோடு விழுங்கினாள்.

செவ்வாய்க்கிழமை கூட்ட அறையில் பதினாறு பேர் இருந்தார்கள். கம்பனியிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த, காற்றில் தடித்த முகமுள்ள ஒரு பொறியியலாளர். ஜெனுஷா தெளிவாகப் பேசினாள். பத்தொன்பது என்ற எண் திரையில் வந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் பென்ட கேள்விகள் உண்டா என்று கேட்டாள்.

நிலக்சி கையை உயர்த்தினாள். நான்கு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் சரளமாக வந்தது. எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்த பிறகு இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாள். பதில் வருமுன்னரே, தான் சீட்டுகளைக் கலைத்துப் பார்த்ததையும் நூற்றுக்கு முப்பத்தொன்று வந்ததையும் சொன்னாள்.

ஜெனுஷா திரையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு நிலக்சியைப் பார்த்தாள். அவள் அழுவாள், அல்லது தடுமாறி ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்று நிலக்சி எதிர்பார்த்திருந்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை.

"முப்பத்தெட்டு," என்றாள் டேனிஷில். "முப்பத்தெட்டு விதமாகப் பார்த்தேன். அதை நான் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கவேண்டும். நிலக்சி சொல்வது சரி. இந்த எண்ணை வைத்து நீங்கள் முடிவெடுக்கக்கூடாது. தென்மேற்கில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று அறிய, இனி வரும் காலங்களில் அதை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சோதிக்கவேண்டும்."

பொறியியலாளர் தலையாட்டினார். பிறகு நிலக்சியின் பக்கம் திரும்பி, எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டார். "நல்ல கேள்வி. இதை எப்போது கண்டுபிடித்தீர்கள்?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஜெனுஷா பொய் சொல்லாமல் நின்ற பிறகு, அவளுக்கு முன்னால் இருந்துகொண்டு நிலக்சியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வியாழக்கிழமை," என்றாள்.

பென்ட தன் பேனையை மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் நிலக்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் நிலக்சி சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனாள். ஜெனுஷா அவளுக்குப் பின்னால் வந்து, மேற்சட்டை கூடப் போடாமல் குளிரில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நான் கேட்டனான். நீங்கள் நல்லா இருக்கு எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"ஓம். தெரியும்."

"ஏன்?"

நிலக்சி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பதிலாக ஏதேதோ நியாயங்கள் மனதில் வந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "பொறாமை," என்றாள். "உம்மிலை எனக்குப் பொறாமை. வேறை ஒண்டும் இல்லை."

ஜெனுஷா அவளை உற்றுப் பார்த்தாள். "எனக்கு உங்களிலை இருந்தது," என்றாள். "நீங்கள் ஒவ்வொரு பனிமானியையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை. எனக்கு அந்தளவுக்கு வராது எண்டு நினைப்பன். ஆனால் நான் உங்களுக்கு இப்பிடிச் செய்திருக்க மாட்டன்."

அவள் திரும்பி உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் நிலக்சியோடு டேனிஷில் மட்டும் பேசினாள். மதியச் சாப்பாட்டை வேறு மேசையில் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் பென்ட நிலக்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவில் வரைபடம் இல்லை. ஒட்டிய இடத்தில் பசை அடையாளம் மட்டும் இருந்தது.

"உன் கேள்வி சரி. எனக்கே அது தோன்றியிருக்கவேண்டும், அது என் பிழை," என்றாள் பென்ட. "ஆனால் என் குழுவில் ஒருவர் கண்ட பிழையை ஐந்து நாள் ஒளித்து வைத்திருக்கக்கூடாது. இது இன்னொரு முறை நடந்தால் நீ இங்கே இருக்கமாட்டாய்."

நிலக்சி சரி என்றாள். எழுந்து போகப் பார்த்தபோது பென்ட மறித்தாள். கம்பனி, ஜெனுஷா சொன்னபடியே தென்மேற்குக் காற்றை மட்டும் வைத்து இன்னும் இரண்டு பனிக்காலங்கள் சோதிக்கச் சம்மதித்திருந்தது. இரண்டாவது மலையொன்றிலும் அடுப்புகள் வைக்கப்போகிறார்கள். கணிப்பை நிலக்சிதான் செய்யவேண்டும் என்று அந்தப் பொறியியலாளர் கேட்டிருந்தார்.

"உனக்கு விருப்பமா என்று நான் கேட்கவில்லை," என்றாள் பென்ட. "உன்னால் நீதியாகச் செய்ய முடியுமா என்று கேட்கிறேன்."

நிலக்சி யோசித்தாள். "சீட்டுகள் இருக்கிற கோப்பை என்னிடம் தரவேண்டாம்," என்றாள். "எந்த முறை புகை போட்டார்கள் என்று எனக்குத் தெரியக்கூடாது. இப்போது என்னிடம் இருக்கிற அதன் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இன்றைக்கே."

பென்ட அவளை ஆச்சரியத்தோடு பார்த்தாள். அன்று பின்னேரமே கடவுச்சொல் மாறியது.

அந்த இரண்டு பனிக்காலங்களும் நிலக்சிக்கு விசித்திரமாகக் கழிந்தன. மலையிலிருந்து தரவுகள் வந்தன. எது புகை போட்டபோது விழுந்த பனி, எது தானாக விழுந்த பனி என்று தெரியாமலே அவள் அவற்றைத் துப்பரவாக்கினாள். ஒரு மானியை நீக்கவேண்டுமா வைத்திருக்கவேண்டுமா என்று முடிவெடுக்கும்போது, அந்த முடிவு ஜெனுஷாவுக்குச் சாதகமா பாதகமா என்று அறிய அவள் மனம் துடித்தது. அறிய வழியில்லை. அதனால் மானியின் புகைப்படத்தையும் காற்றின் வேகத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுத்தாள். சில நாட்களில் அது ஒரு நிம்மதியாகக் கூட இருந்தது. வேறு சில நாட்களில், நடைபாதையில் ஜெனுஷாவின் சிரிப்புக் கேட்டால், எல்லாம் பூச்சியமாகப் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த மானியின் படத்தைத் திறந்தாள்.

மொத்தம் ஐம்பத்திரண்டு முறைகள் சேர்ந்தன. இரண்டாவது வசந்தத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, விடையைத் திறப்பதற்குக் கூடினார்கள். பென்ட, ஜெனுஷா, நிலக்சி மூவரும் ஒரு அறையில். கம்பனிக்காரர்கள் திரையில். நிலக்சி தன் கணிப்பு நிரலை ஏற்கெனவே முடித்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். பென்ட சீட்டுக் கோப்பை இணைத்தாள். நிலக்சி விசையை அழுத்தினாள்.

விடை வர அரை நிமிடம் எடுத்தது. அந்த அரை நிமிடத்தில் தான் எதை விரும்புகிறேன் என்பது அவளுக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. ஒன்று, இரண்டு சதவீதம், அல்லது அதற்கும் கீழே.

"பதினொன்று," என்று வாசித்தாள். "கீழெல்லை ஒன்று. மேலெல்லை இருபத்தொன்று. பத்தொன்பது அளவுக்கு இல்லை. ஆனால் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. தென்மேற்குக் காற்றில் புகை வேலை செய்திருக்கிறது என்றுதான் நான் எழுதுவேன்."

பொறியியலாளர் திரையில் கைகளைத் தட்டினார். பென்ட ஜெனுஷாவின் தோளைத் தொட்டாள். ஜெனுஷா சிரிக்கவில்லை.

"எந்த மானிகளை நீக்கினீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

"மூன்று. பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது."

"படங்களைப் பார்க்கவேண்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஜெனுஷா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, மூன்று மானிகளின் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். உறைந்த வாயைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காற்றுப் பதிவுகளோடு ஒப்பிட்டாள். பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. தனக்குச் சாதகமாக வந்த விடையை அவள் அப்படிக் குடைந்து பார்த்ததை நிலக்சி பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை நம்பாததற்காக அவளில் கோபம் வரவில்லை. இவ்வளவு கவனமாகப் பார்க்கத் தெரிந்தவள் என்பதற்காகத்தான் மறுபடியும் எரிந்தது.

"சரி," என்றாள் ஜெனுஷா கடைசியில். "மூன்றும் நீக்கப்படவேண்டியவைதான்."

அந்த வருட ஓகஸ்டில் ஜெனுஷாவுக்கு நோர்வேயில் வேலை கிடைத்தது. மலைக்குப் பக்கத்திலேயே. போவதற்கு முன் கட்டுரையை இருவருமாக எழுதி முடிக்கவேண்டியிருந்தது. நான்கு வாரங்கள் ஒரே மேசையில் இருந்து, தேவையானதை மட்டும் பேசி, எழுதி முடித்தார்கள். பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவது என்று பென்ட கேட்டபோது, ஜெனுஷாவின் பெயரை முன்னுக்குப் போடச் சொன்னது நிலக்சிதான். யோசனை அவளுடையது, அதனால் அதுதான் முறை. ஜெனுஷா மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அச்சுக்குப் போகுமுன் கட்டுரையின் கடைசிப் படி நிலக்சிக்கு வந்தது. வீட்டு மேசையில் வைத்து வாசித்தாள். எட்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். முதல் பக்கத்துக்குத் திரும்பியபோது அந்த இரண்டு பெயர்களும் கண்ணில் பட்டன. முதலாவது பெயரைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் பழைய இடத்திலேயே எரிந்தது.

சிந்துஜன் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். "முடிஞ்சுதோ?"

"ஓம். எல்லாம் சரியா இருக்கு."

"பிறகேன் முகம் அப்பிடி?"

"எரியுதப்பா," என்றாள் நிலக்சி. "இன்னும் எரியுது. அது போகாதுபோல."

அவன் அவளுக்கு எதிரே இருந்து தன் தேநீரை ஊதிக் குடித்தான். அவள் படியை இன்னுமொரு முறை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு அனுப்பினாள்.